பைத்தானில் ‘இன்ட்’ என்று அறிவித்த பிறகும் ஸ்ட்ரிங் உள்ளே வருவது ஏன்?

அம்பை மண்டிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் குடும்பத்தார் நடத்தும் நெல் மண்டிக்காக, எடைச் சிட்டை போடும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். நான் கணினி படித்தவன் அல்லன். வணிகவியல் முடித்துவிட்டு மண்டியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கற்றுக்கொண்டதுதான். பிசானம் அறுப்புத் தொடங்குவதற்குள் இதைச் சரியாக்கிவிட வேண்டும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

நிரலில் ‘எடை’ என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. எத்தனை சிப்பம் என்று கொடுத்தால், அதை 40ஆல் பெருக்கிக் கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. முதல் நாள் சோதித்தபோது, 5 சிப்பத்துக்கு 200 கிலோ என்று வர வேண்டிய இடத்தில், 5 என்ற இலக்கம் 40 முறை வரிசையாக அச்சாகி, சிட்டையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த வரிக்கும் ஓடியது. பக்கத்தில் இருந்த சித்தப்பா, “தாமிரபரணிப் பாசனம் முழுவதையும் அறுத்தாலும் இவ்வளவு நெல் தேறாதே” என்று சொல்லிவிட்டு, பழையபடி கையாலேயே சிட்டை எழுதத் தொடங்கிவிட்டார்.

விசைப்பலகையில் தட்டுவது ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகத்தான் நிரலுக்குள் வருகிறது என்பதையும், ஸ்ட்ரிங்கை ஓர் எண்ணால் பெருக்கினால் பைத்தான் அதை அத்தனை முறை திரும்ப எழுதும் என்பதையும் தேடித் தெரிந்துகொண்டேன். ஆகவே ஃபங்ஷனை இப்படி மாற்றினேன். கணினியில் ஆங்கில எழுத்தில் இருப்பதை இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.

டெஃப் எடை(சிப்பம்: இன்ட்) -> இன்ட்:
  ரிட்டர்ன் சிப்பம் * 40

உள்ளே வருவது முழு எண், வெளியே போவதும் முழு எண் என்று இரண்டு பக்கமும் எழுதியாயிற்று. ஆனாலும் அதே நாற்பது ஐந்துகள்தாம் வருகின்றன. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய முறையில் ஏதேனும் தவறா? தவறு இல்லை என்றால், சொன்னதை மொழியே மதிக்காத போது இப்படி வகையை அறிவிப்பதால் யாருக்கு என்ன பயன்?

கொக்கிரகுளத்தான்

தம்பி, நீங்கள் எழுதிய முறையில் தவறு இல்லை. அதனிடம் எதிர்பார்த்ததில்தான் பிசகு. பைத்தான் ஓடும்போது அந்த வகை அறிவிப்புகளைச் சோதிப்பதே இல்லை. டெஃப் வரியைப் படிக்கையில் அவற்றை அந்த ஃபங்ஷனோடு சேர்த்து ஒரு குறிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டும். மற்றபடி ஒவ்வோர் அழைப்பிலும் உள்ளே நுழைவது இன்ட்தானா என்று நின்று பார்க்காது. மண்டி வாசலில் ‘சிப்பம் 40 கிலோ’ என்று பலகை எழுதி மாட்டுவது ஒன்று, வருகிற சாக்கைத் தராசில் ஏற்றுவது வேறொன்று. நீங்கள் பலகையை மாட்டியிருக்கிறீர்கள். தராசை இன்னும் வைக்கவில்லை.

இது மறதியால் நேர்ந்த குறை அன்று, தெரிந்தே எடுத்த முடிவு. ஃபங்ஷன் உள்ளே வாங்கும் மதிப்பான ஆர்கியுமென்ட்டுக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி இட்டுக் குறிப்பு எழுதும் வசதி, 2008ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த பைத்தான் 3.0இலேயே இருந்தது. ஆனால் அந்தக் குறிப்புக்கு என்ன பொருள் என்று மொழி அப்போது எதையும் வரையறுக்கவில்லை. அவரவர் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அது வகையைத்தான் குறிக்கும் என்ற மரபை, பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம், யுக்கா லெஹ்தோசலோ, வூகாஷ் லாங்கா ஆகிய மூவரும் எழுதிய பெப் 484 என்னும் முன்மொழிவு நிலைநாட்டியது. 2015 செப்டம்பரில் வந்த 3.5ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. பைத்தான் எப்போதும் வகையை ஓடும்போதே பார்த்துக்கொள்ளும் இயங்குநிலை வகை மொழியாகவே இருக்கும், இந்தக் குறிப்புகளை ஒருபோதும் கட்டாயமாக்கும் எண்ணம் இல்லை என்று அந்த முன்மொழிவிலேயே அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் தராசு எங்கே என்று கேட்பீர்கள். அது மொழிக்கு வெளியே, தனிக் கருவியாக இருக்கிறது. மைபை என்பது அவற்றுள் பழையது. லெஹ்தோசலோ கேம்பிரிட்ஜில் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. உங்கள் நிரலை ஓட்டாமலேயே, கோப்பை வரி வரியாகப் படித்து, இன்ட் என்று அறிவித்த இடத்துக்கு ஸ்ட்ரிங் போய்ச் சேரும் வழி இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். பைத்தானுக்கான நிறுவு கருவியான பிப் கொண்டு நிறுவிக்கொண்டு, கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

அதற்கு முன், விசைப்பலகையிலிருந்து வாங்குகிற இடத்திலேயே இன்ட் என்னும் ஃபங்ஷனால் மதிப்பை மாற்றிவிடுங்கள். அது நீங்கள் நினைப்பதைவிடக் கறாரானது. ‘5 சிப்பம்’ என்று தட்டினாலும், ‘5.5’ என்று தட்டினாலும், ஏற்காமல் அங்கேயே பிழை எழுப்பும். முன்னும் பின்னும் இருக்கிற வெற்றிடத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு வேடிக்கையும் உண்டு: தமிழ் எண்களான ௧௨ என்று தட்டினால் பன்னிரண்டு என்று சரியாக எடுத்துக்கொள்ளும், ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ என்ற எழுத்தை ஏற்காது, ஏனென்றால் யூனிகோடு அதை 0 முதல் 9 வரையிலான இலக்கங்களின் வரிசையில் சேர்க்கவில்லை. உங்கள் சித்தப்பா பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தட்டினால்தான் இது தேவைப்படும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானுக்கு வகை பற்றிய அக்கறையே இல்லை என்று சிலர் பேசுவது சரியன்று. நீங்கள் பெருக்கியதற்குப் பதில் 40ஐக் கூட்டியிருந்தால், ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் கூட்ட முடியாது என்று அந்த வரியிலேயே நின்றிருக்கும். பெருக்கலுக்கு மட்டும் ஸ்ட்ரிங்கிடம் ஒரு பொருள் இருந்துவிட்டதால், உங்கள் பிழை அதன் பார்வையில் பிழையாகத் தோன்றவில்லை.

பத்தமடைக்காரர்

மேலே சொன்னது பைத்தானின் வழக்கம். எல்லா ஸ்கிரிப்ட் மொழிகளும் அப்படி அல்ல என்பதையும், ஓடும்போதே சோதிக்கிற மொழியில் வேறொரு வகைத் துன்பம் இருக்கிறது என்பதையும் என் பட்டறிவிலிருந்து சொல்ல விரும்புகிறேன். எனக்குத் தெரிந்தது, இணையப் பக்கங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி.

பிஎச்பியில் ஆர்கியுமென்ட்டுக்கு கிளாஸ் (நாமே வரையறுக்கும் வகை) பெயரை அறிவிக்கும் வசதி 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. இன்ட், ஃப்ளோட் (பின்ன எண்), ஸ்ட்ரிங், பூல் (ஆம்/இல்லை) ஆகிய எளிய வகைகளையும், திருப்பித் தரும் மதிப்பின் வகையையும் அறிவிக்க 2015 டிசம்பரில் 7.0 வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவை வெறும் குறிப்புகள் அல்ல. அழைக்கும் ஒவ்வொரு முறையும் மொழியே நின்று பார்க்கும். பொருந்தாவிட்டால் டைப்எரர் என்னும் வகைப் பிழை எழும்.

ஆனால் ‘பொருந்துவது’ என்றால் என்ன என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாதவரை பிஎச்பி இளகிய முறையில் நடந்துகொள்ளும். இன்ட் கேட்கும் ஃபங்ஷனுக்கு ‘5’ என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால், அதை 5 என்ற எண்ணாக மாற்றி உள்ளே அனுப்பிவிடும். உங்கள் நிரலை பிஎச்பியில் எழுதியிருந்தால் சிட்டையில் 200 என்று சரியாகவே வந்திருக்கும். சித்தப்பாவும் பேனாவை எடுத்திருக்க மாட்டார்.

அந்த இளக்கம் எனக்கு வைத்த வினையைக் கேளுங்கள். எங்கள் ஊர்க் கோரைப் பாய்க்கு இணையத்தில் ஆர்டர் வாங்கும் பக்கம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதினேன். பாயின் அகலத்துக்கு யோசிக்காமல் இன்ட் என்று அறிவித்துவிட்டேன். ஒருவர் 3.5 அடி என்று தட்டினார். அன்றைக்கு இருந்த 7ஆம் பதிப்பு, அந்த அரை அடியைச் சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டு 3 என்று உள்ளே அனுப்பியது. தறியில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. 2021இல் வந்த 8.1 முதல், பின்னம் தொலைகிற இத்தகைய மாற்றத்துக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது. ஆனால் எச்சரிக்கை பதிவுக் கோப்புக்குள் போய் விழும், நெசவாளர் அதைப் படிக்கப் போவதில்லை. தவறு என்னுடையதுதான். அகலம் என்பது முழு எண்ணாக மட்டுமே இருக்கும் என்று பொய்யான ஒன்றை நான்தானே அறிவித்தேன்?

கோப்பின் தலையில் ஸ்ட்ரிக்ட் டைப்ஸ் என்று அறிவித்தால் இந்த இளக்கம் நின்றுவிடும்; ஃப்ளோட் கேட்கிற இடத்தில் இன்ட் கொடுப்பதை மட்டும் அனுமதிக்கும். இதிலும் ஒரு கண்ணி உண்டு, அதில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தவன் நான். ஃபங்ஷன்கள் இருக்கும் கோப்பில் இந்த வரியைச் சேர்த்துவிட்டு, இனி யாரும் தவறான வகையை உள்ளே அனுப்ப முடியாது என்று நிம்மதியாக இருந்தேன். ஆர்கியுமென்ட்டைப் பொறுத்தவரை, ஃபங்ஷன் எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பது கணக்கில்லை. எந்தக் கோப்பிலிருந்து அழைக்கப்படுகிறது என்பதுதான் கணக்கு. ஆர்டர் பக்கத்தின் கோப்பில் அந்த வரி இல்லாததால், அங்கிருந்து வந்த அழைப்புகள் எல்லாம் பழைய இளக்கத்தோடேயே நடந்தன. திருப்பித் தரும் மதிப்புக்கு மட்டும், ஃபங்ஷன் எழுதப்பட்ட கோப்பின் விதி செல்லும்.

வண்ணார்பேட்டை வாசி

இருநூறு வரி நிரலுக்கு இத்தனை ஏற்பாடு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளீடு வாங்கும் ஓர் இடத்தில் இன்ட் என்று சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. வகைக் குறிப்பும், அதைச் சோதிக்க ஒரு கருவியும், அந்தக் கருவிக்கு அமைப்பும் என்று போனால், அறுப்பு முடிந்து நெல் ஆலைக்குப் போன பிறகுதான் தம்பியின் நிரல் தயாராகும்.

அம்பை மண்டிக்காரன்

அண்ணாச்சிகள் மூவருக்கும் நன்றி. பலகைக்கும் தராசுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புரிந்தது. வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொன்னது போல ஒரே இடத்தில் சுற்றிவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் சிப்பம், கிலோ, விலை, கூலி, சாக்குக் கழிவு என்று உள்ளீடு வாங்கும் இடங்கள் ஏற்கெனவே ஒன்பது ஆகிவிட்டன, எதை விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

மைபையை நிறுவி ஓட்டினேன். வியப்பு என்னவென்றால், சிக்கல் எதுவும் இல்லை என்று பச்சை எழுத்தில் வாழ்த்துச் சொன்னது. உடனே நிரலை ஓட்டிப் பார்த்தால் அதே நாற்பது ஐந்துகள். உள்ளீடு வாங்குவதற்கு ‘சிப்பம் கேள்’ என்று தனி ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். அது திரையில் கேள்வியைக் காட்டி, தட்டியதை அப்படியே திருப்பித் தரும். அதற்கு ஆர்கியுமென்ட் எதுவும் இல்லை என்பதால் வகை எதையும் எழுதவில்லை. அது தருவதை ‘எடை’க்குக் கொடுக்கிறேன். இன்ட் கேட்கிற இடத்துக்கு ஸ்ட்ரிங் போவது என் கண்ணுக்கே தெரிகிறதே, தராசுக்கு ஏன் தெரியவில்லை?

பேட்டை ஆசிரியை

நான் கல்லூரியில் பைத்தான் நடத்துகிறேன். ஆண்டுதோறும் இந்தக் கேள்வியை யாராவது ஒரு மாணவர் கேட்பார், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வகை எதுவும் எழுதப்படாத ஃபங்ஷனை மைபை இயல்பாகச் சோதிப்பதில்லை. அதன் உடலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. அது திருப்பித் தருவதை ‘எனி’ என்னும் வகையாக எடுத்துக்கொள்ளும். எனி என்றால் எதுவும் ஆகலாம் என்று பொருள். எதுவும் ஆகலாம் என்பது இன்ட் கேட்கிற இடத்தில் இன்ட் ஆகவும், ஸ்ட்ரிங் கேட்கிற இடத்தில் ஸ்ட்ரிங் ஆகவும் பொருந்திவிடும் என்பதால், அதன்மேல் எந்தக் குற்றமும் சாட்ட முடியாது. உங்கள் ‘சிப்பம் கேள்’ அப்படித்தான் தப்பித்தது. விசைப்பலகை உள்ளீடு ஸ்ட்ரிங்தான் என்பது மைபைக்கு மிக நன்றாகத் தெரியும். அந்தச் செய்தி உங்கள் ஃபங்ஷனின் வாசலைத் தாண்டி வெளியே வரவில்லை.

இதுவும் தெரிந்தே வைத்த வழிதான். படிப்படியான வகையீடு என்ற கருத்தை ஜெரமி சீக், வலீத் தாஹா இருவரும் 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார்கள். வகை எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் ஒரே நிரலில் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட பழைய நிரலை வைத்திருப்பவர் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வகை எழுத முடியாது. அவருக்கு இந்தச் சலுகை வரம். புதிதாக எழுதும் உங்களுக்கு அது தேவையே இல்லை. ஆகவே ஸ்ட்ரிக்ட் என்னும் தெரிவைச் சேர்த்து மைபையை ஓட்டுங்கள். வகை எழுதாத ஒவ்வொரு ஃபங்ஷனையும் அது பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒன்பது இடங்களில் எதை விட்டீர்கள் என்பதற்கும் அதுவே விடை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெரும்பாலோர் ஆர்கியுமென்ட்டின் வகையை ஆர்வத்தோடு எழுதிவிட்டு, திருப்பித் தரும் வகையை ஏதோ சடங்கு போல விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் முதலில் எழுத வேண்டியது இரண்டாவதுதான். ‘சிப்பம் கேள்’ என்பதற்கு இன்ட் தரும் என்று எழுதிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது பிழை ‘எடை’ ஃபங்ஷனில் வராது, அதை அழைக்கும் வரியிலும் வராது. ‘சிப்பம் கேள்’ ஃபங்ஷனின் ரிட்டர்ன் வரியிலேயே வரும். இன்ட் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிங் தருகிறாய் என்று அந்த வரியைச் சுட்டும். ஆர்கியுமென்ட்டில் மட்டும் வகை இருந்தால், மாட்டிக்கொள்வது கடைசியாகக் கையில் வாங்கியவர். திருப்பித் தருவதிலும் வகை இருந்தால், மாட்டிக்கொள்வது கலப்படம் செய்தவர்.

திருப்பித் தரும் வகையை எழுதினால் கிடைக்கும் வேறொரு நன்மையும் உண்டு. உங்களிடம் நெல் ரகத்தைக் கொடுத்தால் விலையைத் தரும் ஃபங்ஷன் ஒன்று கட்டாயம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அம்பை 16 என்றால் இந்த விலை, ஆடுதுறை 45 என்றால் இந்த விலை என்று அடுக்கிக்கொண்டே போய், பட்டியலில் இல்லாத ரகம் வந்தால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டிருந்தால், பைத்தான் அமைதியாக ‘நன்’ என்னும் வெறுமையைத் திருப்பித் தரும். அந்த வெறுமை இரண்டு மூன்று ஃபங்ஷன்களைக் கடந்து, எங்கோ ஒரு பெருக்கலில் வெடிக்கும். வெடித்த இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்காது. பத்தமடை அண்ணாச்சியின் பிஎச்பியாக இருந்தால், இன்ட் தருவதாகச் சொன்ன ஃபங்ஷன் ஒன்றும் தராமல் முடியும் கணத்திலேயே டைப்எரர் எழும். மைபை அதற்கும் முன்னாலேயே, ஓட்டுவதற்கு முன்பே, ரிட்டர்ன் இல்லாத பாதை ஒன்று இருப்பதாகச் சொல்லிவிடும்.

அப்படிச் சொல்லும்போது, விலை இல்லாமலும் போகலாம் என்பதுதான் உண்மை நிலை என்றால், இன்ட் அல்லது நன் என்று நிமிர்கோடு இட்டு எழுதிக்கொள்ளலாம். 2021இல் வந்த 3.10 முதல் இந்த எழுத்து முறை செல்லும். பிறகு அந்த விலையைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும், நன் வந்தால் என்ன செய்வாய் என்று கருவி கேட்கும். அந்தக் கேள்வி தொந்தரவாகத் தோன்றும். வாயை அடைப்பதற்காக எனி என்று எழுதிவிட வேண்டாம்.

வண்ணார்பேட்டை வாசிக்கு ஒரு சொல்: நிரல் சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விடையை வைத்து விவசாயிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கப் போகிறார்கள்.

மேலச்செவல் பெரியவர்

ஆசிரியை சொன்னதெல்லாம் சரி. நான் ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்காகப் பைத்தான் கற்றவன். விவசாயக் குடும்பம் என்பதால் ஒரு கவலையை மட்டும் எழுப்புகிறேன். எல்லாவற்றுக்கும் இன்ட் என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நம் பக்கத்தில் குத்தகை நெல்லை இன்றும் கோட்டைக் கணக்கில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 21 மரக்கால் ஒரு கோட்டை. அந்தக் கோட்டையும் இன்ட், கிலோவும் இன்ட், சிப்பமும் இன்ட் என்றால், 3 கோட்டையைக் கொண்டுபோய்ச் சிப்பம் கேட்கும் ஃபங்ஷனில் கொடுத்தால் கருவி வாயைத் திறக்காதே?

இதற்கு நியூடைப் என்றொரு வசதி இருப்பதாகப் படித்தேன். கிலோ என்றும் கோட்டை என்றும் இன்ட்டின்மேல் தனித்தனிப் பெயர்களை உண்டாக்கிக்கொண்டால், மைபை அவற்றை வெவ்வேறு வகைகளாகவே நடத்துகிறது; ஒன்றைக் கேட்கும் ஃபங்ஷனுக்கு மற்றொன்றைக் கொடுக்க விடுவதில்லை. ஓடும்போது அது வெறும் எண்ணாகவே இருப்பதால் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை. தம்பிக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

பேட்டை ஆசிரியை

பெரியவர் எழுப்பிய கவலை மிகச் சரியானது. தீர்வில் மட்டும் ஒரு சிறு திருத்தம் உண்டு. ஃபங்ஷனுக்குக் கொடுப்பதை நியூடைப் தடுக்கும்; கூட்டுவதைத் தடுக்காது. ஒரு கிலோ மதிப்பையும் ஒரு கோட்டை மதிப்பையும் கூட்டினால், இரண்டும் அடியில் இன்ட் என்பதால், விடை இன்ட் என்று சொல்லிவிட்டு மைபை பேசாமல் இருந்துவிடும். அந்தக் கூட்டலைச் செய்யும் ஃபங்ஷன், கிலோ தருவதாக அறிவித்திருந்தால் மட்டுமே அகப்படும். வெறும் இன்ட் என்பது கிலோ ஆகாது என்று ரிட்டர்ன் வரியில் பிடித்துவிடும். பாருங்கள், இங்கும் திருப்பித் தரும் வகைதான் கைகொடுக்கிறது.

கூட்டலையே தடுக்க வேண்டுமென்றால் கோட்டைக்கு ஒரு டேட்டாகிளாஸ், அதாவது மதிப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் தனி வகை ஒன்று, எழுதுவது நல்லது. 2018இல் வந்த 3.7 முதல் அது மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது. கூட்டலுக்கு என்ன பொருள் என்று நீங்கள் எழுதாதவரை, மைபையும் ஏற்காது, ஓடும்போது பைத்தானும் ஏற்காது.

அம்பை மண்டிக்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்ட்ரிக்ட் சேர்த்து ஓட்டியதில் மொத்தம் 31 பிழைகள் வந்தன. முதலில் நெஞ்சு திடுக்கிட்டது. எண்ணிப் பார்த்ததில் பாதிக்கு மேல், வகை எழுதவில்லை என்னும் புகார்தான். எழுதி முடித்ததும் உண்மையான பிழைகள் நான்கு மிஞ்சின. மூன்று, ஸ்ட்ரிங்கை அப்படியே திருப்பித் தந்த உள்ளீட்டு ஃபங்ஷன்கள். நான்காவது, ஆசிரியை அக்கா பார்க்காமலேயே சொன்ன விலை ஃபங்ஷன். கர்நாடகா பொன்னியை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. இப்போது பட்டியலில் இல்லாத ரகம் வந்தால் விலையைக் கேட்டு நிற்கிறது.

சாக்குக் கழிவை இன்ட் என்று அறிவித்திருந்ததைப் பத்தமடை அண்ணாச்சியின் பாய்க் கதையைப் படித்துவிட்டு மாற்றினேன். அது அரைக் கிலோவிலும் வரும்.

கோட்டைக்கு டேட்டாகிளாஸ் எழுதிவிட்டேன். அதைக் கிலோவாக மாற்றும் ஃபங்ஷனுக்கு, உள்ளே வருவது கோட்டை, வெளியே போவது கிலோ என்று தலைப்பு வரி எழுதியதோடு நிற்கிறேன். உடல் எழுத முடியவில்லை. மரக்கால் முகத்தல் அளவை என்பதால், ஒரு மரக்கால் நெல் எத்தனை கிலோ என்பது ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும், மரக்காலும் ஊருக்கு ஊர் ஒன்று போல இல்லை என்கிறார் சித்தப்பா. எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் மரக்கால் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, காய்ந்த அம்பை 16ஐ அளந்து, மண்டித் தராசில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.